தவறிப் பழக ஓர் இடம்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் கத்தி தோலைத் தொடும் முன்பே ஓர் எண்ணிக்கை நடந்து முடிந்துவிடும். கைகளைத் தேய்த்துக் கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, சத்திரசிகிச்சை நிபுணருக்கு அருகே நிற்பவர் ஸ்க்ரப் தாதி. அவர் தட்டிலுள்ள, இரத்தம் ஒற்றும் துணித்துண்டுகளான ஸ்வாப்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, வாய்விட்டு எண்ணுவார். அங்கி அணியாமல் கூடத்துக்குள் நடமாடி வேண்டியவற்றை எடுத்துத் தரும் மற்றத் தாதி கூடவே எண்ணி, சுவரிலுள்ள வெண்பலகையில் எழுதுவார். ஊசி, கத்தி அலகு, இடுக்கி என்று எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வயிற்றறையை மூடும் முன் திரும்ப எண்ண வேண்டும். தோலைத் தைக்கும்போது இன்னொரு தடவை. இரத்தத்தில் தோய்ந்து உடலுக்குள் கிடக்கும் ஒரு துணித்துண்டைச் சுற்றியுள்ள தசையிலிருந்து பிரித்தறிவது கடினம். அதனால்தான் ஒவ்வொரு ஸ்வாப்பிலும் எக்ஸ்ரேயில் தெரியும் ஓர் இழையைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணுவதில் என்ன கஷ்டம்? 2003இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் திடுக்கிட வைக்கும் விடையைத் தந்தது. சத்திரசிகிச்சையின்போது உடலுக்குள் ஏதேனும் விடுபட்டுப்போன சம்பவங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில், கணக்குச் சரி என்றே பதிவாகியிருந்தது. அவசர சத்திரசிகிச்சையில் இந்த ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடியிருந்தது. சத்திரசிகிச்சையின் நடுவே திட்டம் எதிர்பாராமல் மாறியபோது ஏறத்தாழ நான்கு மடங்கு.

இந்த எண்களைச் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை தெரிகிறது. எண்ணத் தெரியாததால் யாரும் தவறவில்லை. இரத்தம் பீறிடும்போது, நிபுணர் ஒரே மூச்சில் மூன்று கருவிகளைக் கேட்கும்போது, பணிநேரம் முடிந்து ஒருவர் போய் மற்றவர் வந்து நிற்கும்போது, எண்ணிக்கொண்டிருந்தவரின் கவனம் அறுந்துபோகிறது. கவனம் அறுந்த இடத்தில் கணக்கும் அறுகிறது. ஆகவே தியேட்டர் எனப்படும் சத்திரசிகிச்சைக் கூடத்தின் தாதி ஒருவர் உண்மையில் பழகவேண்டியது, குழப்பத்தின் நடுவே குழம்பாமல் எண்ணுவதைத்தான். அந்தக் குழப்பத்தை ஒரு நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காமல் உண்டாக்கித் தர முடியுமா? மெய்நிகர் யதார்த்தம், சுருக்கமாக விஆர், இதற்குத் தரும் விடையை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கொழும்பில் பயிற்சி எங்கே நடக்கிறது

கொட்டாஞ்சேனையில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால், 1990 சுவசெரிய அம்புலன்ஸ் அவரைத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். வெள்ளவத்தையில் ஒருவருக்கு நள்ளிரவில் குடல்வால் அழற்சி கண்டால், களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை கிட்டத்தான். 1864இல் தொடங்கப்பட்ட தேசிய வைத்தியசாலை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களுடன் இன்று நாட்டிலேயே மிகப் பெரியது. கொழும்பின் நோயாளிகளோடு, மற்ற மாவட்டங்களில் கையாள முடியாதவர்களும் அங்கேதான் வந்து சேருகிறார்கள்.

அரச தாதியர் கல்லூரியில் மூன்று ஆண்டுப் பயிற்சியை முடித்த ஒருவர் தியேட்டருக்கு நியமிக்கப்பட்டால், அவருடைய உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. மூத்த தாதி ஒருவரின் பக்கத்தில் நின்று, பார்த்து, கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுத்துப் பழக வேண்டும். இந்த முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எந்த நிபுணருக்கு எந்த இடுக்கி பிடிக்கும், எந்தக் கட்டத்தில் மௌனம் காக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவை மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் போகும்.

ஆனால் இந்த முறை நோயாளிகளின் வரவை நம்பியிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் எந்த நோய் வந்ததோ அதுவே பாடம், வராதது பாடமாகாது. 2020இல் கொவிட் பரவியபோது உலகெங்கும் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 2022 மார்ச் மாத இறுதியில், பொருளாதார நெருக்கடியால் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட, பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஹேர்னியா, பித்தப்பை, முழங்கால் போன்ற இந்தத் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளில்தான் புதிய தாதி நிதானமாகக் கற்க முடியும். அவை நின்றுபோனால் மிஞ்சுவது அவசர சத்திரசிகிச்சைகள் மட்டுமே. அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரமிருக்காது.

அந்த அவசரத்தின் உச்சத்தைக் கொழும்பு பல முறை கண்டிருக்கிறது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி மீதான தாக்குதல். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில், ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தன. கொட்டாஞ்சேனைக்கும் கொச்சிக்கடைக்கும் நடுவே சில தெருக்கள்தான். பூசைக்குப் போனவர்கள் காயப்பட்டுத் தேசிய வைத்தியசாலைக்கு வந்தார்கள். இத்தகைய நாளில் ஒரு மேசையில் சத்திரசிகிச்சை முடியும் முன்பே அடுத்த நோயாளி வாசலில் காத்திருப்பார். கவாண்டேயின் ஆய்வு எச்சரித்த அவசரமும் எதிர்பாராத மாற்றமும் ஒரே நேரத்தில் கூடிவரும் சூழல் அது. இப்படியொரு நாளுக்கு ஒரு தாதியை ஆயத்தப்படுத்த, அப்படியொரு நாள் வரும்வரை காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் கூடாது.

தியேட்டர் தாதிக்கு என்ன தெரியும்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஸ்க்ரப் தாதியின் வேலை கேட்டதை எடுத்துக் கொடுப்பதாகத் தோன்றும். கச்சேரியில் மிருதங்கம் வாசிப்பவர், பாடகர் அடுத்து எங்கே போகிறார் என்று வாய்திறந்து சொல்லும்வரை காத்திருப்பதில்லை; மூச்சிலும் கையசைவிலும் அதை முன்கூட்டியே பிடித்துவிடுகிறார். நல்ல ஸ்க்ரப் தாதியும் அப்படித்தான். நிபுணர் இரத்தக்குழாயை இடுக்கியால் பிடிக்கும்போதே நூல் ஆயத்தமாக இருக்கும். நூலைக் கட்டி முடிக்கும்போதே கத்தரிக்கோல் உள்ளங்கையில் வந்து விழும்.

சிசேரியன் சத்திரசிகிச்சைகளின்போது ஸ்க்ரப் தாதியரின் கண்ணசைவைக் கருவிகளால் பதிவுசெய்த ஆய்வாளர்கள், புதியவரும் அனுபவசாலியும் தங்கள் கவனத்தைப் பங்கிடும் விதமே வேறு என்று கண்டார்கள். கருவித்தட்டு, காயம், நிபுணரின் கை, வெண்பலகை ஆகியவற்றில் எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதே ஓர் அறிவு. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் லூசி மிச்செல், ரோனா ஃபிளின் ஆகியோரின் குழு இந்த அறிவைப் பட்டியலிட்டு, ‘ஸ்பிளின்ட்ஸ்’ என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கியது. அதில் மூன்று பெரும் பிரிவுகள்: சூழ்நிலையை உணர்தல், தொடர்பாடலும் குழுவேலையும், பணிகளை ஒழுங்குபடுத்தல். கைத்திறன் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத திறன்களை மட்டும் அளப்பதற்கென்றே அது அமைக்கப்பட்டது.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது: தொடக்கூடிய இடம் எது, தொடக்கூடாத இடம் எது என்ற எல்லை. அங்கியின் முன்புறம் மார்பிலிருந்து மேசை மட்டம் வரைதான் கிருமியற்றதாகக் கொள்ளப்படும். முதுகுப்புறம் அப்படியல்ல. விரிப்பின் மேசைக்குக் கீழே தொங்கும் பகுதியும் அப்படியல்ல. அங்கி அணியாதவர் அந்த எல்லையிலிருந்து குறைந்தது 30 சென்ரிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கோடுகள் எதுவும் தரையில் வரையப்பட்டிருப்பதில்லை. தாதியின் மனத்தில் மட்டுமே இருக்கின்றன.

காதுக்கும் வேலையுண்டு. மயக்கமருந்து நிபுணரின் பக்கத்தில் ஒலிக்கும் துடிப்புமானி, இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய ஒலியின் சுருதியையும் தாழ்த்தும். பழகிய தாதி திரையைத் திரும்பிப் பார்க்காமலே அந்த இறக்கத்தை உணர்ந்து, அடுத்து என்ன தேவைப்படும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எதிர்பார்த்தல், கவனத்தைப் பங்கிடுதல், எல்லையை உணர்தல், சத்தமாகச் சொல்லுதல். இந்த நான்கிலும் கையின் பங்கு குறைவு. கண், காது, நினைவு ஆகியவற்றின் பங்கு கூடுதல். விஆர் கருவி மிகச் சிறப்பாகப் போலிசெய்யக்கூடியதும் கண்ணும் காதும் சேரும் உலகத்தைத்தான். அந்தக் கருவிக்கும் இந்தப் பணிக்கும் இவ்வளவு பொருத்தம் இருப்பது இதனால்தான்.

மூளையை நம்பவைப்பது எப்படி

1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தரையைவிட்டு எழாமலே விமானம் ஓட்டப் பழகும் ஒரு பெட்டியை உருவாக்கினார். விமானிகள் ஆபத்தில்லாமல் தவறிப் பழக அது வழிசெய்தது. 1968இல் ஐவன் சதர்லாண்ட், தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் கணினித் திரையை உருவாக்கினார். கூரையிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு அது பெரியது. அதில் தெரிந்ததோ வெறும் கோட்டுருவங்கள். 2020இல் வெளிவந்த குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட் 299 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. அதற்குக் கம்பியும் வேண்டாம், தனிக் கணினியும் வேண்டாம். ஒரு வைத்தியசாலைப் பயிற்சியறைக்கு விஆர் எட்டக்கூடியதாக மாறியது இந்த விலைச் சரிவால்தான்.

அது வேலைசெய்யும் விதம் இதுதான். மனிதரின் இரு கண்களுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம் உண்டு. ஆகவே இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வெவ்வேறு கோணங்களில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. ஹெட்செட் அதே வித்தியாசத்தோடு இரண்டு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டுகிறது. தலை திரும்பும்போது அதிலுள்ள உணரிகளும் கமராக்களும் அந்த அசைவை அளக்கின்றன. கணினி புதிய கோணத்திலிருந்து காட்சியைத் திரும்ப வரைகிறது. இது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 90 தடவை நடக்கிறது. தலையசைவுக்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதமானால் மூளை விழித்துக்கொள்ளும். கண் சொல்வதும் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு சொல்வதும் முரண்படும். தலைசுற்றும், குமட்டும். பயிற்சி நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது இதனால்தான்.

விஆர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் இரண்டு மாயைகளைப் பிரித்துக் காட்டினார். நான் அந்த இடத்தில் இருக்கிறேன் என்ற உணர்வு ஒன்று. இங்கே நடப்பது உண்மையில் நடக்கிறது என்ற உணர்வு மற்றது. முதலாவதைத் திரையும் உணரிகளும் தந்துவிடும். இரண்டாவதை அவற்றால் மட்டும் தர முடியாது. மெய்நிகர் நிபுணர் கருவி கேட்கும் தொனி, தாமதித்தால் அவர் பொறுமையிழக்கும் விதம், துடிப்புமானியின் சுருதி இறங்கும் கணம் ஆகிய எல்லாமே தியேட்டரில் நடப்பதுபோல் இருந்தால்தான் தாதியின் இதயம் உண்மையாகவே வேகமாகத் துடிக்கும். அந்தப் படபடப்பின் நடுவே எண்ணினால்தான் அது பயிற்சி.

உண்மைத் தியேட்டரால் தர முடியாத சிலவற்றையும் விஆர் தருகிறது. காட்சியை நிறுத்தலாம். அதே கட்டத்துக்குத் திரும்பிப் போகலாம். கிருமியற்ற எல்லையை நீல ஒளியாக வரைந்து காட்டலாம். தாதியின் கையுறை தவறான இடத்தில் பட்ட கணமே அதைச் சிவப்பாக்கலாம். நோயாளிக்குத் திடீரென இரத்தப்போக்கு வரவைத்து, ஐந்தாவது ஸ்வாப்பில் எண்ணிக்கையைக் குலைக்கலாம். தாதி எங்கே நின்றார், எதைப் பார்த்தார், எத்தனை செக்கன் தயங்கினார் என்று அனைத்தையும் பதிந்து, பிறகு அவருக்கே காட்டலாம்.

சான்றுகள் என்ன சொல்கின்றன

சத்திரசிகிச்சைத் துறையில் விஆருக்கு முதலில் மதிப்புத் தேடித்தந்தது 2002இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு. பயிற்சி வைத்தியர்கள் 16 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் கணினித் திரையில் உருவாக்கிய மெய்நிகர் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இரு பாதியினரும் உண்மையான நோயாளிகளில் சிறுதுளை வழியாகப் பித்தப்பையைப் பிரித்தெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு கூடுதலான வாய்ப்பு இருந்தது.

அது வைத்தியர்களைப் பற்றியது. ஸ்க்ரப் தாதியரை நேராக ஆராய்ந்த குறிப்பிடத்தக்க வேலை லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து 2021இல் வந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது வேண்டுமென்றே கடினமான ஒரு சத்திரசிகிச்சை. முன்பு பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்றைப் பொருத்துவது. அதற்குத் தட்டுத் தட்டாகக் கருவிகள் வரும். பல பாகங்களைச் சரியான வரிசையில் பூட்டிக் கொடுக்க வேண்டும். இத்தகைய சத்திரசிகிச்சை அடிக்கடி நடப்பதில்லை என்பதால், பக்கத்தில் நின்று பழகும் வாய்ப்பும் அரிது.

எலும்பு மூட்டுத் தியேட்டரைச் சேர்ந்த பத்துத் தாதியர் நான்கு வாரங்களில் நான்கு விஆர் அமர்வுகளில் பயின்றார்கள். முதல் அமர்வோடு ஒப்பிடும்போது, கடைசியில் அவர்கள் எடுத்த நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கணினி அவர்களுக்குத் தரவேண்டியிருந்த குறிப்புகள் நாலில் மூன்று பங்கு குறைந்தன. பிறகு உண்மையான கருவிகளை முன்னால் வைத்துச் சோதித்தார்கள். பயிற்சிக்கு முன்பு பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் சரியாகச் செய்தவர்கள், பயிற்சிக்குப் பின்பு பத்தில் எட்டுக்கும் மேல் சரியாகச் செய்தார்கள். மெய்நிகர் உலகத்தில் கற்றது உண்மைத் தட்டின் முன்னும் நின்றது.

அதே குழுவினர் பிறகு இன்னொரு கேள்வியை எடுத்தார்கள். தனியாகப் பழகுவது நல்லதா, மற்றொருவரோடு சேர்ந்து பழகுவதா? இடுப்பு மூட்டு மாற்றச் சத்திரசிகிச்சையை வைத்து நடத்திய, 2023இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், நிபுணரின் இடத்திலும் தாதியின் இடத்திலும் இருவர் ஒரே மெய்நிகர் தியேட்டருக்குள் சேர்ந்து பழகியபோது, தனித்தனியே பழகியவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் முடிவு இதுதான். தியேட்டர் வேலை இரண்டு மனங்களுக்கு இடையில் நடப்பது. இருவரும் ஒன்றாகப் பழகினால்தான் ஒருவரின் அசைவை மற்றவர் வாசிக்கக் கற்பார்.

இந்த முடிவுகளை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் ஆய்வில் பங்கேற்றவர்கள் பத்தே பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. தாதியர் கல்வியில் விஆர் பற்றிய 12 ஆய்வுகளை, மொத்தம் 821 பங்கேற்பாளர்களுடன், 2020இல் ஒன்றுசேர்த்துப் பகுப்பாய்வு செய்தபோது, அறிவு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் செய்திறனிலும் தன்னம்பிக்கையிலும் மற்றப் பயிற்சி முறைகளைவிட அது மேலானது என்று நிறுவ முடியவில்லை. இதில் ஏமாற்றமடைய எதுவுமில்லை. ஊசி போடுதல், வடிகுழாய் செருகுதல் போன்ற கைவேலையை விஆரிடம் கேட்டால் அது தடுமாறும். ஒழுங்கையும் எதிர்பார்ப்பையும் கேட்டால் கொடுக்கும். எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்ததே எல்லாம்.

விரல் நுனியின் பிரச்சினை

ஸ்க்ரப் தாதி ஓர் இடுக்கியைக் கொடுக்கும்போது அதை நிபுணரின் உள்ளங்கையில் அழுத்தி வைக்கிறார். காயத்திலிருந்து கண்ணெடுக்காமலே நிபுணருக்குக் கருவி வந்துசேர்ந்தது தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த அழுத்தத்தில் ஒரு தகவல் இருக்கிறது. விஆரில் கையிலிருப்பது ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. அது அதிரும், ஆனால் கனக்காது, கைக்குள் வந்து அடங்காது.

தொடுகையைப் போலிசெய்வது ஏன் இவ்வளவு கடினம்? கண்ணுக்குச் செக்கனுக்கு 90 படங்கள் போதும். கெட்டியான ஒரு பொருளைத் தொடும் உணர்வைத் தர, கருவி செக்கனுக்கு ஏறத்தாழ ஆயிரம் தடவை விசையைக் கணித்துத் திருப்பித்தர வேண்டும். விரலிலுள்ள பசினியன் நுண்ணுறுப்புகள் செக்கனுக்கு 250 அளவிலான அதிர்வைக்கூட நுட்பமாக உணரக்கூடியவை. அவற்றை ஏமாற்றுவது லேசான காரியமல்ல.

இந்தத் துறையில் தமிழ்நாட்டின் பங்கு பெருமைக்குரியது. தொடுகையைப் பொறியியலாக ஆராயும் ஆய்வுக்கூடத்தைச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் வளர்த்தெடுத்தார். மெய்நிகர்த் தொழில்நுட்பங்களுக்கான மையம் ஒன்றும் அங்கே இயங்குகிறது. சென்னையிலேயே உருவான மெடிசிம் விஆர் நிறுவனம் மருத்துவ, தாதியர் பயிற்சிக்கான விஆர் கூடங்களை அமைத்துவருகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அவற்றுள் ஒன்று. கொழும்பிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணிநேரத்துக்குள் எட்டக்கூடிய தூரத்தில், தமிழ் பேசும் பொறியியலாளர்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் இன்றைய நிலையில், கையின் பாடத்தைக் கையாலேயே கற்க வேண்டும். உண்மையான இடுக்கி, உண்மையான ஊசிப்பிடி, பழைய விரிப்பு ஆகியவற்றை ஒரு மேசையில் பரப்பிவைத்துப் பழகுவதற்கு மாற்று இல்லை. ஒழுங்கை விஆரிலும் கனத்தை மேசையிலும் கற்று, அதன்பின் மூத்தவரின் பக்கத்தில் போய் நிற்பதே சரியான வரிசை.

நோயாளியின் மொழியில் ஒரு கேள்வி

2008இல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சங்களைக் கொண்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கமருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரைவிட்டு வெளியேறும் முன் என்று மூன்று கட்டங்கள். டெல்லி, மணிலா, டொரன்டோ உள்ளிட்ட எட்டு நகரங்களில் தலா ஒரு வைத்தியசாலையில் அதைப் பரீட்சித்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின்னான மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. 2009இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் தியேட்டர்களின் நடைமுறையை மாற்றியது.

அந்தப் பட்டியலின் முதல் கட்டத்தில் கேள்வி நோயாளியிடமே கேட்கப்படுகிறது. பெயர் என்ன, என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம், சம்மதம் தந்தாரா? கொழும்பில் இந்தக் கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது என்பது உயிரோடு தொடர்புடைய விஷயம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும், தமிழ் மட்டுமே பேசும் ஒரு முதிய தாயிடம், சிங்களத்தில் ‘வலது கால்தானே’ என்ற அர்த்தத்தில் கேட்டால், பயத்தில் அவர் தலையாட்டிவிடுவார். இடது கால் என்றாலும் அப்படியே தலையாட்டியிருப்பார். ‘உங்கட பேர் என்னம்மா? எந்தக் காலில ஒப்பரேஷன் செய்யப் போறாங்க?’ என்று கேட்டால் தலையாட்டித் தப்ப முடியாது. பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

இதை விஆரில் மிக எளிதாகப் பழக்கலாம். மெய்நிகர் நோயாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். சிங்களம் தாய்மொழியான தாதி நாலைந்து தமிழ் வாக்கியங்களையும், தமிழ் தாய்மொழியான தாதி அதேபோல் சிங்கள வாக்கியங்களையும் சரளமாகச் சொல்லப் பழகும்வரை காட்சி நகராது. வெளிநாட்டு மென்பொருளை அப்படியே வாங்கிவந்தால் இந்தப் பாடம் கிடைக்காது. ஆங்கிலம் பேசும் நோயாளி, நம் தட்டில் இல்லாத கருவி, நம் தியேட்டரில் பின்பற்றாத ஒழுங்கு என்று அது வேறொரு நாட்டுக்கான பயிற்சியாகவே இருக்கும்.

கொழும்புக்கு என்ன வேண்டும்

கருவி வாங்குவது இதில் மிகச் சிறிய பகுதி. மூன்று விஷயங்கள் அதற்கு முன்னால் வர வேண்டும்.

முதலாவது, காட்சிகளை எழுதுபவர்கள். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலயிலும் பல ஆண்டுகள் நின்ற தியேட்டர் சிஸ்டர்களின் நினைவில் இருக்கும் ஆபத்தான கணங்களே பாடத்திட்டம். எங்கே எண்ணிக்கை குலையும், எந்தச் சத்திரசிகிச்சையில் திட்டம் மாறும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் ஓய்வுபெற்றும் வெளிநாடு சென்றும் போவதற்கு முன் அந்த அறிவைப் பதிந்துவைக்க வேண்டும்.

இரண்டாவது, பயிற்சிக்குப் பின்னான உரையாடல். போலிப் பயிற்சி பற்றிய 109 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2005இல் வெளியான ஆய்வுரை, பயன்தரும் அம்சங்களில் முதலிடம் பின்னூட்டத்துக்கே என்று முடிவு செய்தது. ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு, ஒரு மூத்தவர் உட்கார்ந்து, அந்தக் கணத்தில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்காவிட்டால், நடந்ததெல்லாம் ஒரு வீடியோ விளையாட்டுத்தான். அந்த உரையாடலில் தவறியவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. பதிவான தயக்கங்களும் பிழைகளும் பதவி உயர்வுக் கோப்புக்குள் போகாது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். தவறினால் தண்டனை என்றால், தவறிப் பழகவென்று உண்டாக்கிய இடத்திலும் ஆட்கள் நடிக்கத்தான் செய்வார்கள்.

மூன்றாவது, நேரம். ஆள் குறைவான தியேட்டரிலிருந்து ஒரு தாதியை ஒரு மணிநேரம் விடுவிப்பது கஷ்டம் என்பதை அங்கே வேலைசெய்யும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் பயிற்சியை விடுமுறை நாளிலோ இரவுப் பணி முடிந்த களைப்பிலோ தள்ளிவிட்டால் அது நடக்காது. பணிநேரப் பட்டியலிலேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

ஒவ்வொரு தியேட்டர் தாதிக்கும் முதல் நோயாளி என்று ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவர் அந்தத் தாதியின் முதல் தவறையும் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. தொடக்கத் தவறுகளில் பலவற்றை யாருக்கும் வலிக்காத ஓர் அறையில் செய்து தீர்த்துவிட்டு வர இன்று வழியிருக்கிறது. அந்த வழியை வைத்தியசாலைகள் பயிற்சி உபகரணம் என்ற தலைப்பில் வரும் விருப்பச் செலவாக எண்ணாமல், இரத்தம், மருந்து, கிருமி நீக்கிய கையுறை ஆகியவற்றோடு சேர்த்து, நோயாளியின் பாதுகாப்புக்கான செலவாகவே கணக்கில் எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் மேசைக்கு வந்துசேரும் மனிதர்களுக்கு நாம் கொடுக்கவேண்டிய கடன் அது.